இருபத்தாறு மீட்டர்

அவன் சாலையில் முதல் அடி வைத்தபோது இடதுபக்க வளைவு காலியாக இருந்தது. இரண்டாவது அடிக்கும் காலியாகவே இருந்தது. மூன்றாவது அடியைத் தூக்கி இன்னும் கீழே வைக்கவில்லை, ஒரு சரக்கு லாரி முழுசாக அங்கே இருந்தது. பம்பர், முன்கண்ணாடி, ஓட்டுநரின் திறந்த வாய் என்று எதுவும் குறையாமல். ஹாரன் சத்தம் அதற்கப்புறம்தான் வந்தது. பின்னால் துள்ளி நடைபாதை விளிம்பில் விழுந்தவனின் முழங்காலை லாரியின் காற்று தள்ளிவிட்டுப் போனது.

செருப்பு ஒன்று சாலையிலேயே தங்கிவிட்டது. அடுத்து வந்த கார் அதன்மேல் ஏறிப் போனது. அதற்கடுத்த காரும்.

அவன் விழுந்து கிடந்த இடத்துக்கு நேர் முன்னால், சாலையின் குறுக்கே, சுண்ணாம்புத் தூளில் யாரோ பட்டை பட்டையாக அடையாளம் போட்டிருந்தார்கள். வளையாமல் நெளியாமல், சம இடைவெளியில், பார்க்கவே லட்சணமாக இருந்தது. யாரோ என்ன யாரோ. காகிதத்தில் அவன் வரைந்து கொடுத்ததுதான்.

அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் புழக்கத்தில் இருந்தது; மற்ற எல்லோருக்கும் அவன் ஸ்கேல். நகராட்சிப் பொறியியல் பிரிவில் வரைபடம் போடுகிறவன். சட்டைப்பையில் ஆறு அங்குல ஸ்கேல் இல்லாமல் எங்கும் போகமாட்டான். கல்யாண போட்டோவிலும் அது எட்டிப் பார்க்கிறது. கடைவீதி முழுக்க சைக்கிளுக்குத் தனிப்பாதை, நடப்பவர்களுக்கு ஆறு ஜீப்ரா கிராஸிங் என்று எட்டு மாதமாக நகரத்தை இரண்டாகப் பிளந்து வைத்திருந்த திட்டத்தின் அத்தனை கோடுகளும் அவன் கையிலிருந்து வந்தவை. இன்று மூன்று மணிக்குக் கூட்டம், அதில் ஓட்டெடுப்பு. காலையில் அடையாளம் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அவன் மனைவி, "ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்களேன், என் பேஷன்டுங்களுக்குக் காட்டணும்" என்று போன் செய்ததால்தான் சாப்பாட்டு வேளையில் இங்கே வந்தான்.

வந்தது இதுதான் முதல் தடவை. அதுதான் விஷயம்.

எழுந்து போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்தான். வளைவில் வண்டியின் மூக்கு தெரிவதிலிருந்து அது சுண்ணாம்புக் கோட்டைத் தொடும்வரை எவ்வளவு நேரம் என்று எடுத்தான். வேன்: இரண்டு புள்ளி மூன்று விநாடி. கார்: இரண்டு புள்ளி ஒன்று. மோட்டார் சைக்கிள்: ஒன்று புள்ளி எட்டு. தப்பாக அழுத்தியிருப்போம் என்ற நம்பிக்கையில் மறுபடியும் எடுத்தான். அடுத்து வந்த லாரி அந்த நம்பிக்கைக்கு எந்த மரியாதையும் தரவில்லை. இரண்டு புள்ளி மூன்று.

ஒருவழிச் சாலை, அகலம் பதினோரு மீட்டர். கால் நன்றாக இருக்கும் ஓர் ஆள் கடக்க எட்டு விநாடி வேண்டும். இந்தக் கோடுகள் போடப்படுவது கால் நன்றாக இருக்கும் ஆட்களுக்காக அல்ல. எதிரே இருப்பது அவன் மனைவி வேலை பார்க்கும் பிசியோதெரபி நிலையம். அங்கிருந்து பஸ் ஏற வருகிறவர்கள் வாக்கர், ஊன்றுகோல், மருமகளின் தோள் இவற்றைப் பிடித்து நடப்பவர்கள். ஒவ்வொருவரும் சாலையைக் கடக்க எத்தனை விநாடி எடுக்கிறார்கள் என்று இரண்டு வருடமாக அவள் ஒரு நோட்டில் குறித்துவைத்து, அதை வைத்துத்தான் நகராட்சியோடு மல்லுக்கட்டி இந்த மூன்றாவது கிராஸிங்கை வாங்கியிருந்தாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். பஸ் நிழற்குடை அவனுக்கு வலப்பக்கம் நின்றிருந்தது. அது அங்கே நிற்கக் கூடாது. அவன் வரைபடத்தில் அது ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்கிறது. இங்கோ ஜெராக்ஸ் கடை அதற்கும் அந்தப் பக்கம், தூரத்தில், தேமே என்று இருந்தது. போன வருடம் சாக்கடைக் குழாய் பதிக்கத் தோண்டியபோது நிழற்குடையை அப்படியே பெயர்த்து வளைவுப் பக்கம் நகர்த்தி வைத்திருந்தார்கள். அலுவலகத்தில் இருக்கும் மூலப்படம் ஏழு வருடப் பழசு. அவன் எல்லா அளவையும் நிழற்குடையின் இடத்தூணிலிருந்துதான் தொடங்கியிருந்தான். காலால் அளந்து பார்த்தான். இருபத்தாறு மீட்டர். கிராஸிங் இருபத்தாறு மீட்டர் நகர்ந்து வளைவின் வாய்க்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

வரைபடத்தின் கீழ் மூலையில் 'களத்தில் நேரில் பார்க்கப்பட்டது' என்றொரு கட்டம் உண்டு. அதில் அவன் கையெழுத்து இருந்தது. அந்த அலுவலகத்தில் களத்தை நேரில் பார்ப்பது என்றால் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து பார்ப்பது. கடைவீதி முழுக்க அங்கிருந்து தெரியும், பிறகு எதற்கு வெயிலில் இறங்குவது என்று அவனுக்கு முன்னால் இருந்தவர் பழக்கிவிட்ட முறை. அவருக்கு முன்னால் இருந்தவர் அவரைப் பழக்கியிருந்தார். நிழற்குடையின் நீலக் கூரை தெரிகிறதா என்று பார்த்தான். தெரிந்தது. கையெழுத்துப் போட்டான். வளைவை ஒரு ஜவுளி விளம்பரப் பலகை மறைத்திருந்தது. அதில் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணை மட்டும் நன்றாகப் பார்த்தது ஞாபகம் இருந்தது.

பெயின்ட் கான்ட்ராக்டர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே வந்தார்.

"என்ன சார், உக்காந்து பாத்தீங்க, நின்னு பாத்தீங்க. கோடு சரியா வந்திருக்கா?"

"அண்ணே, இதை எங்கருந்து அளந்தீங்க?"

"உங்க பேப்பர்ல என்ன இருக்கோ அங்கருந்துதான். நிழற்குடை இடத்தூண்லருந்து பதினெட்டு மீட்டர்."

"நிழற்குடை இடம் மாறிப்போச்சுண்ணே."

"அதுக்கு நான் என்ன சார் பண்றது? தூண் இருக்கு, டேப் இருக்கு. தூணுக்கு வயசென்ன, பூர்வீகம் எதுன்னு நான் விசாரிக்க முடியுமா?"

"பெயின்ட் எப்ப?"

"நாலு மணிக்கு. மெஷின் வந்துடும்."

"ஓட்டெடுப்பே முடிஞ்சிருக்காதே!"

"உங்க ஆபீஸ் பேப்பர்ல நாலு மணின்னு போட்டிருக்கு. நிறுத்தணும்னா எழுத்துல குடுங்க. வாயால சொல்றதைக் கேட்டு நான் ஏற்கெனவே ரெண்டு தடவை அசிங்கப்பட்டிருக்கேன்."

ஸ்கேல் நசுங்கிய செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினான். வழியில் போன் அடித்தது. மனைவி.

"போட்டோ எங்கங்க?"

"அது... வெளிச்சம் சரியில்லை."

"மத்தியானம் ஒன்றரை மணிக்கா?" அவள் சிரித்தாள். "சரி விடுங்க, நேர்லயே பாத்துக்கறோம். எங்க பேஷன்ட் ஜெட் காலையிலருந்து ஒரே அலப்பறை. புதுச் சட்டை போட்டுட்டு வந்திருக்காரு. மனுஷன் சந்தோஷத்துல எக்ஸர்சைஸ்கூடப் பண்ணல."

"ஏம்மா..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. கூட்டத்துல பாப்போம்."

சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் அவளிடமும் அவன் அதே பொய்யைச் சொல்லியிருந்தான். மூன்று மாதம் முன்பு சாப்பிடும்போது, "போய்ப் பாத்தீங்களா? வளைவு ரொம்பப் பக்கமா இல்லையே?" என்று அவள் கேட்டாள். "பாத்தேனே, தாராளமா இடம் இருக்கு" என்று குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னான்.

பொறியாளர் அவன் சொன்னதை முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு அறைக்கதவைச் சாத்தினார்.

"நேர்ல பாத்தேன்னு எழுதியிருக்கியா?"

"எழுதியிருக்கேன் சார்."

"அப்ப நீ பாத்திருக்க. பாத்தவன் போட்ட கோடு எப்படிய்யா தப்பா இருக்கும்?"

"நான் பாக்கல சார்."

"அது உன் சொந்த விஷயம். ஃபைல்ல நீ பாத்திருக்க." குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரு. இன்னைக்குக் கூட்டத்துல ஒரு வார்த்தை சிந்தினாலும் திட்டத்தை எதிர்க்கற உன் மச்சான் அதை எடுத்துக்கிட்டு ஊர்வலமே போவாரு. மொத்தத் திட்டமும் காலி. உன் பொண்டாட்டி ரெண்டு வருஷம் அலைஞ்சதும் காலி. உன் வேலையைப் பத்தி நான் பேசவே இல்லை. அடுத்த வருஷம் திருத்தம்னு ஒரு தலைப்பு வரும், அதுல நகர்த்திக்கலாம். அதுவரைக்கும் மக்கள் பாத்துப் போகட்டும். இத்தனை நாள் கோடு இல்லாமத்தானே போனாங்க?"

இத்தனை நாள் பயந்து போனார்கள், இனிமேல் பயப்படாமல் போவார்கள், அதுதான் சார் பயம் என்று சொல்ல நினைத்தான். சொல்லாமல் கதவைத் திறந்து வெளியே வந்தான்.

கூட்டம் அதே கட்டடத்தின் மூன்றாம் மாடி அரங்கில். நாற்காலிகள் போதாமல் பின்வரிசையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். மேடையில் நகராட்சித் தலைவர் அம்மா, பக்கத்தில் பொறியாளர். ஸ்கேல் கடைசி வரிசை ஓரத்தில் சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தான்.

முதலில் பேசியது மச்சான். மனைவியின் அண்ணன், கடைவீதியில் கட்டில் மெத்தைக் கடை, வியாபாரிகள் சங்கச் செயலாளர்.

"சைக்கிள் பாதை போட்டா பார்க்கிங் போச்சு. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சைக்கிள்ல வந்து யாராவது டபுள் காட் வாங்கிட்டுப் போய்ப் பாத்திருக்கீங்களா? கேரியர்ல மெத்தை, ஹேண்டில்பார்ல தலகாணி, நடுவுல பொண்டாட்டியா?"

அரங்கம் சிரித்தது. அவன் மனைவி எழுந்தாள்.

"அண்ணா, உங்க கடை வாசல்ல வண்டி நிறுத்தறவங்கள்ல பாதிப்பேர் எதிர்ல பேங்க்குக்குப் போறாங்க. அவங்களை நீங்களே நாலு தடவை திட்டி நான் கேட்டிருக்கேன்."

"குடும்ப விஷயத்தை ஏம்மா மேடையில பேசற?"

"டபுள் காட்டை ஆரம்பிச்சது யாரு?"

மருந்துக்கடைக்காரர் எழுந்து, வரைபடத்தின்படி சைக்கிள் பாதை தன் கடைப் படிக்கட்டில் ஏறி, தன் கல்லாவுக்குப் பக்கத்தில் முடிகிறது என்றார். திட்டத்தை எதிர்ப்பவர் மிகைப்படுத்துகிறார் என்று எல்லோரும் கையமர்த்தினார்கள். எல்லா அளவும் நகர்ந்துபோன அந்தத் தூணிலிருந்துதான் என்பதால், ஸ்கேலுக்கு மட்டும் அது வரிக்கு வரி உண்மை என்று தெரியும்.

பிறகு அவன் மனைவி நோட்டைத் திறந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"பக்கவாதம் வந்து தேறிட்டிருக்கற ஒருத்தர், இருபத்தெட்டு செகண்ட். முட்டி ஆபரேஷன் பண்ணிக்கிட்ட டெய்லர் அக்கா, பத்தொம்பது. இவரு, நாப்பத்தொண்ணு."

"போன வாரம் முப்பத்தொம்பது!" என்று முன்வரிசையிலிருந்து குரல் வந்தது. ஜெட். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். இடுப்பெலும்பு உடைந்து வாக்கரில் நடப்பவர். நிலையத்திலேயே மிக மெதுவானவர் என்பதால் சக நோயாளிகள் சூட்டிய பட்டம் ஜெட். "கோடு மட்டும் போடுங்கம்மா. வெள்ளைக் கோட்டைப் பாத்தா வண்டிக்காரன் நிறுத்துவான். நான் நிறுத்தினவன், எனக்குத் தெரியும்."

கைதட்டல் கூரையைத் தொட்டது. ஜெட் ஓட்டிய பஸ்ஸின் முன்னால் ஐம்பது மீட்டர் தூரம் தெரியும் சாலை இருந்திருக்கும்.

"தீர்மானம் நிறைவேறினதும் நாங்க எல்லாரும் கீழே போய் முதல்ல கடக்கப் போறோம்" என்றாள் அவள். "நான் முன்னாடி நடக்கறேன். வரைஞ்சு குடுத்தவரும் இங்கதான் இருக்காரு." அவனைப் பார்த்துக் கைகாட்டினாள். அவள் முகம் அப்படி மலர்ந்து அவன் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. தலைகள் எல்லாம் திரும்பின. சிலர் கைதட்டினார்கள்.

நான்காக எட்டு நிமிடம் இருந்தது.

அவன் எழுந்து நின்றான். நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்து மைக்கைக் கொடுத்தார்கள். மேடையில் பொறியாளர் தலையை இடமும் வலமும் மிக லேசாக ஆட்டினார்.

"மூணாவது கிராஸிங் தப்பான இடத்துல இருக்கு" என்றான் ஸ்கேல். "இருபத்தாறு மீட்டர் தள்ளி. வளைவுல. அங்க கடந்தா அடிபடுவாங்க."

தலைவர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"நேர்ல பாத்ததா கையெழுத்து இருக்கே?"

"என்னுதுதான் மேடம். நான் போய்ப் பாக்கல."

"அப்ப எதைப் பாத்துப் போட்டீங்க?"

"ஜன்னல்லருந்து... நிழற்குடைக் கூரை தெரிஞ்சுது."

அரங்கம் வெடித்துச் சிரித்தது. மச்சான் நாற்காலியிலிருந்து எழும்பி, "எழுதிக்கங்க! எழுதிக்கங்க! வாயாலயே சொல்றாப்ல என் மாப்ள!" என்று கூவினார். மருந்துக்கடைக்காரர் தன் படிக்கட்டுக்கு நியாயம் கேட்டார். இந்த இரைச்சல் எதுவும் ஸ்கேலுக்குள் போகவில்லை. அவன் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சிரிக்கவில்லை, கத்தவில்லை.

"எத்தனை செகண்ட்?" என்று மட்டும் கேட்டாள்.

"ரெண்டு புள்ளி மூணு."

அவள் நோட்டை மூடினாள்.

திட்டத்தை ஆறு மாதம் ஒத்திவைக்கும் தீர்மானத்துக்குக் கைகள் உயர்ந்தன. எதிர்த்தவர்கள் உயர்த்தினார்கள், ஆதரித்தவர்களிலும் பாதிப்பேர் உயர்த்தினார்கள். எண்ணி முடிப்பதற்குள் திறந்திருந்த ஜன்னல் வழியாக ஒரு வாசனை வந்தது. சூடான, கண்ணைக் கரிக்கும் பெயின்ட் வாசனை. கடிகாரத்தில் நான்கு தாண்டி ஏழு நிமிடம்.

"சார், நிறுத்தச் சொல்லி எழுதிக் குடுங்க!" அவன் மேடைக்கு ஓடினான்.

"தீர்மானம் டைப் ஆகி வரணும்யா. அதுல மேடம் கையெழுத்து. அதுக்கப்புறம்தான் நிறுத்தல் உத்தரவு. நாளைக்குக் காலையில..."

அப்போதுதான் முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்தான். எங்கே போவதானாலும் மற்றவர்களுக்குக் கால் மணி நேரம் முன்னாலேயே கிளம்பிவிடுவது ஜெட்டின் வழக்கம். கீழே போய் முதல்ல கடக்கப் போறோம் என்று அவள் சொன்ன கையோடு, கைதட்டலுக்கு நடுவில், லிஃப்டை நோக்கி நகர்ந்திருக்கிறார். ஸ்கேல் எழுந்து நின்று பேசியதில் ஒரு வார்த்தையும் அவர் காதில் விழுந்திருக்காது.

மனைவியும் அதே நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் படிக்கட்டுக்கு ஓடினார்கள்.

மூன்று மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்கேலுக்கு வளைவுதான் தெரிந்தது. கீழே இறங்கிக் கடைவீதி வழியே ஓடி வந்தபோது வெள்ளைப் பட்டைகள் வெயிலில் கண்ணைக் கூசச் செய்தன. பெயின்ட் ஆட்கள் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது பட்டையின்மேல், புதுச் சட்டையில், வாக்கரைத் தூக்கி முன்னால் வைத்து, ஒரு கால், மறு கால் என்று ஜெட் போய்க்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தியிருந்தார். இடது பக்கம் பார்க்கவே இல்லை. கோடு இருக்கும்போது எதற்குப் பார்ப்பது?

"திரும்பி வாங்க!" என்று அவள் கத்திக்கொண்டு அவரை நோக்கி ஓடினாள். வாக்கரோடு திரும்புவதற்கு அவருக்குப் பன்னிரண்டு விநாடி ஆகும் என்பது அவளுக்குத்தான் தெரியும். சட்டென்று கத்துவதை நிறுத்தி அவருக்கும் வளைவுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். அங்கே நிற்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இரண்டு பேராக அடிபடலாம், அவ்வளவுதான்.

ஸ்கேல் அவளிடம் ஓடவில்லை. வளைவை நோக்கி ஓடினான். ஒரு கார் அவனை உரசிக்கொண்டு போனது. அது பிரேக் போட்டுக் கிறீச்சிடுவது முதுகுக்குப் பின்னால் கேட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மோதும் சத்தம் வருகிறதா என்று மட்டும் காதைத் தீட்டினான். வரவில்லை. வளைவைத் தாண்டி, வருகிற வண்டிகளுக்குத் தெரியும் இடத்துக்குப் போய் நடுச்சாலையில் கைகளை விரித்து நின்றான்.

லாரி வந்தது. தூரத்தில் சின்னதாக இருந்தது பெரிதாகிக்கொண்டே வந்தது. கால்கள் தனியாக ஒரு முடிவெடுத்து ஓடிவிடுமோ என்று அவனுக்குச் சந்தேகமாக இருந்தது. டயர்கள் அலறின. நெஞ்சுக்கு ஒரு முழம் முன்னால் ரேடியேட்டரின் சூடு நின்றது.

ஓட்டுநர் தலையை நீட்டினார். "சாவறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதாடா உனக்கு?"

"நாப்பத்தோரு செகண்டுண்ணே. அவ்வளவுதான்." குரல் கீச்சென்று வந்தது. "ஒருத்தர் கடக்கறாரு."

"யாரு, மந்திரியா?"

"இல்லண்ணே. ஜெட்."

பின்னால் பத்துப் பதினைந்து வண்டிகள் சேர்ந்து ஹாரன் அடித்தன. ஒரு மோட்டார் சைக்கிள் பக்கவாட்டில் நுழையப் பார்த்தது. ஸ்கேல் குறுக்கே பாய்ந்து அதன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான். வளைவுக்கு அந்தப் பக்கம் அவனுக்குத் தெரியவில்லை. ஜெட் எத்தனையாவது பட்டையில் இருக்கிறார் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டு நின்றான்.

ஒரு வேன் ஹாரனையெல்லாம் தாண்டி எதிர்ப்புறமிருந்து வந்தது. பக்கவாட்டில் கட்டில் படம். மச்சான் தானே ஓட்டிவந்து, லாரிக்கு முன்னால் சாலையின் குறுக்கே திருப்பி நிறுத்தி, சாவியை உருவினார்.

"இந்த இடத்துல பார்க்கிங் கூடாதுன்னு கோடு போட்டவன் நீதானே மாப்ள? இப்ப வந்து எடுக்கச் சொல்லு பாப்போம்." சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். "தங்கச்சி நடு ரோட்டுல நிக்கறாடா. எனக்கு அங்க பாக்கவே முடியல."

கொஞ்ச நேரத்தில் அவள் நடந்து வந்தாள். ஜெட் மறுபுறம் பத்திரமாகச் சேர்ந்துவிட்டார். எவ்வளவு நேரம் என்று கேட்டாராம். சொல்ல முடியவில்லை, இன்றைக்கு அவள் எண்ணவில்லை.

அவள் பின்னாலேயே வந்த பெயின்ட் கான்ட்ராக்டரை ஸ்கேல் கைகாட்டிக் கூப்பிட்டான். "அண்ணே, அதைக் கறுப்படிச்சு அழிச்சிடுங்க. இப்பவே."

"கறுப்புக்குத் தனி ஆர்டர் வேணும் சார். அதுவும் இது லேசுல அழியற சரக்கில்ல. நீங்கதான் பேப்பர்ல முதல் தரம்னு எழுதியிருக்கீங்க. மூணு வருஷம் அசையாது."

மெஷின் வண்டி கிளம்பிப் போனது. பொறியாளரின் போன் அணைந்திருந்தது. வளைவின் விளிம்புக்கு நகர்ந்து எட்டிப் பார்த்தான். நிலையத்தின் கதவு திறந்து டெய்லர் அக்கா ஊன்றுகோலோடு வெளியே வந்து, வெள்ளைக் கோட்டைப் பார்த்து முகம் மலர்வது தூரத்தில் தெரிந்தது.

"எங்கிட்டயும் போய்ப் பாத்தேன்னுதானே சொன்னீங்க?" என்றாள் மனைவி.

அவன் தலையாட்டினான். அவள் சாலைப் பக்கம் திரும்பினாள்.

"நான் அந்தப் பக்கம் நின்னு ஆளுங்களைத் தடுக்கறேன். அண்ணா, நீங்க வண்டியை எடுக்காதீங்க." நான்கடி போய்த் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "நீங்க இங்கருந்து நகராதீங்க."

லாரிக்காரர் சலித்துப்போய் இன்ஜினை அணைத்தார். அதன் பின்னாலிருந்து, வேனுக்கும் நடைபாதைக்கும் நடுவில் இருந்த சந்தைக் குறிவைத்து, ஒரு மோட்டார் சைக்கிள் வேகமெடுக்கும் சத்தம் கேட்டது. ஸ்கேல் அந்தச் சந்துக்கு ஓடிப்போய்க் கைகளை விரித்தான்.